பிறப்பு நிறையும் கருப்பை வாரங்களும்: நம் குழந்தைகள் யாருடைய அளவுகோலில்?

பிள்ளை பிறந்த செய்தி தொலைபேசியில் வரும்போது நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். ஆணா, பெண்ணா? எத்தனை கிலோ? மூன்று கிலோவுக்கு மேல் என்றால் மறுமுனையில் மகிழ்ச்சி. இரண்டேகால் கிலோ என்றால் சிறிது மௌனம். அதன்பின் "தாய் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லையோ" என்ற விசாரணை. எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்று கேட்பவர்கள் அரிது. வைத்தியசாலையிலோ நிறையோடு சேர்த்து வாரத்தையும் கேட்காமல் எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை.

பிறந்த குழந்தைகளை நிறையையும் கருப்பையில் கழித்த வாரங்களையும் கொண்டு வகைப்படுத்தும் முறை எப்படி உருவாயிற்று, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அந்த வகைப்பாட்டிற்குப் பயன்படும் அளவுகோல்கள் யாருடைய குழந்தைகளைக் கொண்டு செய்யப்பட்டவை, புலம்பெயர்ந்த தெற்காசியர்களாகிய நாம் அதில் எங்கே நிற்கிறோம் என்பது இரண்டாவது நோக்கம். இரண்டாவது கேள்வி மருத்துவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பது என் கருத்து.

2500 கிறாம் என்னும் கோடு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்லினில் சிசுக்களுக்கென இயங்கிய கைசரின் அவுகுஸ்ற விக்ரோறியா நிலையத்தில் பின்லாந்தைச் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவர் பணியாற்றினார். அவர் பெயர் ஆர்வோ யுல்ப்போ. குறைமாதத்தில் பிறந்து இறந்த குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்து 1919 இல் அவர் வெளியிட்ட எழுத்துக்களில், 2500 கிறாமும் அதற்குக் குறைவும் உள்ள குழந்தையைக் 'குறைமாதக் குழந்தை' எனக் கொள்ளலாம் என்ற எல்லை இடம்பெற்றது. பின்னர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1935 இல் இந்த எல்லையை ஏற்றுக்கொண்டது. 1948 இல் உலக சுகாதார நிறுவனமும் அதையே சர்வதேச வரையறையாக்கியது.

நிறையை வைத்து மாதத்தைச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு நடைமுறைக் காரணம் இருந்தது. தராசு எல்லா வைத்தியசாலைகளிலும் உண்டு. கடைசி மாதவிடாய் எந்த நாளில் வந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் தாய் எல்லா இடங்களிலும் இல்லை. தராசு தரும் இலக்கத்தில் சந்தேகம் இல்லை. தாய் சொல்லும் திகதியில் சந்தேகம் உண்டு. ஆகவே புள்ளிவிபரம் சேர்ப்பவர்களுக்கு நிறையே வசதியாயிற்று.

இந்த வசதியால் விளைந்த குழப்பம் ஏழை நாடுகளில்தான் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் முழு மாதத்தில், நல்ல முதிர்ச்சியுடன், ஆனால் 2300 அல்லது 2400 கிறாமில் பிறந்த ஏராளமான குழந்தைகள் இந்த வரையறைப்படி 'குறைமாதம்' ஆனார்கள். அவர்களுக்குக் குறைமாதக் குழந்தைகளின் நோய்கள் வரவில்லை. வேறு நோய்கள் வந்தன. 1961 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இதை ஏற்றுக்கொண்டு, 2500 கிறாம் கோட்டிற்குக் 'குறைந்த பிறப்பு நிறை' என்று பெயரை மாற்றியது. குறைமாதம் என்பது இனிமேல் வாரத்தால் மட்டுமே தீர்மானிக்கப்படும் என்றாயிற்று. முப்பத்தேழு வாரங்கள் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதம்; நாற்பத்திரண்டு வாரம் கடந்தால் மிகைமாதம்; இடைப்பட்டது நிறைமாதம். இவ்வரையறை இன்றும் நடைமுறையில் உள்ளது. நிறைப் பக்கத்தில் 1500 கிறாமிற்குக் குறைந்தவர்கள் 'மிகக் குறைந்த நிறை' என்றும் 1000 கிறாமிற்குக் குறைந்தவர்கள் 'அதிகுறைந்த நிறை' என்றும் மேலும் பிரிக்கப்பட்டனர்.

இருவகைச் சிறுமை

முற்றுமுன் பறித்த பெரிய இனத்து மாங்காய் ஒன்றையும், தண்ணீரில்லாத மரத்தில் முற்றிய சிறிய மாங்காய் ஒன்றையும் தராசில் வைத்தால் ஒரே நிறை காட்டக்கூடும். முதலாவதற்கு வளர நேரம் போதவில்லை. இரண்டாவதற்கு நேரம் இருந்தது. கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. சிறு குழந்தைகளின் நிலையும் இவ்வாறு இருவகைப்பட்டது.

முதலாம் வகையின் பெரும் ஆபத்து முதிராத உறுப்புகளிலிருந்து வருவது. நுரையீரலின் நுண்ணறைகள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒட்டிக்கொள்ளாதபடி காப்பாற்ற ஒரு வழவழப்பான பொருள் வேண்டும். அது கர்ப்பத்தின் கடைசி வாரங்களிலேயே போதிய அளவில் சுரக்கிறது. அப்பொருளின் குறைபாடே குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்பதை 1959 இல் மேரி எலன் ஏவெரி என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து காட்டினார். நான்கு ஆண்டுகளின் பின், 1963 ஆகஸ்டில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் ஏறக்குறைய ஐந்தரை வாரங்கள் முந்தி, 2.1 கிலோவில் பிறந்து, இரண்டு நாட்களுக்குள் இதே நோயால் இறந்தான். உலகின் மிகச் செல்வாக்கான தகப்பனுக்கும் அன்று வழி இருக்கவில்லை. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது தாய்க்கு ஊசிமூலம் ஸ்ரீறொயிட் மருந்து கொடுத்துக் குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யலாம் என்று நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹவி ஆகியோர் 1972 இல் நிறுவினர். அந்த வழவழப்புப் பொருளையே மூச்சுக்குழாயினுள் செலுத்தும் சிகிச்சை 1980களில் வந்தது. இன்று முப்பத்துநான்காம் வாரத்தில் பிறக்கும் குழந்தை பிழைப்பது நல்ல வைத்தியசாலைகளில் சாதாரண விடயம்.

இரண்டாம் வகைக் குழந்தைக்கு நுரையீரல் பெரும்பாலும் முதிர்ந்திருக்கும். அதன் சிக்கல்கள் வேறு. சூல்வித்தகம் வழியாகப் போதிய உணவும் ஒட்சிசனும் கிடைக்காதபோது, சிசு தன் இருப்பைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. மூளைக்குப் போகும் இரத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டு, ஈரலிலும் தோலின் கீழும் சேமிப்பதைக் குறைக்கிறது. எனவே தலை ஓரளவு சரியாகவும், வயிறும் கை கால்களும் மெலிந்தும் பிறக்கிறது. சேமிப்பு இல்லாததால் முதல் நாட்களில் இரத்தத்தில் சீனி விரைவாக இறங்கிவிடும். உடற்சூடு நிற்காது. ஒட்சிசன் குறைவை ஈடுசெய்யச் செங்குருதிக் கலங்கள் கூடியிருப்பதால் இரத்தம் தடித்திருக்கும். தொடக்கத்திலேயே ஏற்பட்ட தொற்று அல்லது நிறமூர்த்தக் குறைபாடு காரணமாக இருந்தால், தலையும் உடலும் ஒன்றாகவே சிறுத்திருக்கும்.

ஆக, ஒரே நிறையுள்ள இரு குழந்தைகளுக்கு இருவேறு கண்காணிப்புத் தேவை. ஒன்றின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாதி, மற்றதின் சீனியை மணிக்கணக்கில் பரிசோதிக்க வேண்டும். அறை மாறினால் ஆபத்தும் கண்ணில் படாமல் போகும்.

டென்வர் வரைபும் ஒன்பது அறைகளும்

இவ்விரண்டையும் பிரித்தறிய, எந்த வாரத்தில் எவ்வளவு நிறை இயல்பானது என்று காட்டும் வரைபு தேவைப்பட்டது. அதை முதலில் பரவலான பாவனைக்குக் கொண்டுவந்தவர் லூலா லுப்சென்கோ. 1915 இல் ரஷ்ய ஆட்சியிலிருந்த துருக்கிஸ்தானில் பிறந்து, புரட்சிக் காலத்தில் குடும்பத்துடன் அமெரிக்கா சேர்ந்தவர் இவர். கொலறாடோ மாநிலத்தின் டென்வர் நகர வைத்தியசாலையொன்றில் 1948 முதல் 1961 வரை பிறந்த 5,635 குழந்தைகளின் நிறைகளை வாரவாரியாக அடுக்கி 1963 இல் வெளியிட்டார். 1967 இல் பிறெட்றிக் பற்றாலியாவுடன் சேர்ந்து, அந்த வரைபின்மேல் ஒரு வகைப்பாட்டை எழுப்பினார். இன்று எல்லா மகப்பேற்றுப் பிரிவுகளிலும் புழங்குவது அதன் வழிவந்ததே.

அதன் அடிப்படை எளியது. ஒரே வாரத்தில் பிறந்த நூறு குழந்தைகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையில் நிறுத்துவதாகக் கொள்வோம். பத்தாவதாக நிற்பவரின் நிறைக்குக் கீழே இருந்தால் 'வாரத்திற்குச் சிறியது'. தொண்ணூறாவதாக நிற்பவருக்கு மேலே இருந்தால் 'வாரத்திற்குப் பெரியது'. இடையிலிருந்தால் 'வாரத்திற்கு ஏற்றது'. குறைமாதம், நிறைமாதம், மிகைமாதம் என்ற மூன்றையும் இம்மூன்றோடு குறுக்கே வைத்தால் ஒன்பது அறைகள் கிடைக்கும்.

மூன்று குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். முதற் குழந்தை முப்பத்துநான்கு வாரத்தில் 2300 கிறாம். இது குறைமாதம், ஆனால் வாரத்திற்கு ஏற்றது. இரண்டாவது முப்பத்தொன்பது வாரத்தில் அதே 2300 கிறாம். இது நிறைமாதம், ஆனால் வாரத்திற்குச் சிறியது. மூன்றாவது முப்பத்தைந்து வாரத்தில் 3300 கிறாம். கொழுகொழுவென்று நிறைமாதப் பிள்ளைபோல் இருக்கும் இதைக் கண்டு உறவினர் மகிழ்வர். வரைபில் இது குறைமாதமும் வாரத்திற்குப் பெரியதும் ஆகும். தாய்க்கு நீரிழிவு இருந்திருக்கலாம். நுரையீரல் இன்னும் முதிராமல் இருக்கலாம். தராசை மட்டும் நம்பினால் மூவரில் மிகக் கவனமாகப் பார்க்கவேண்டிய இந்த மூன்றாவது பிள்ளையைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவோம்.

வாரத்தை எப்படி அறிவது?

வகைப்பாடு முழுவதும் வாரக் கணக்கு சரியாக இருப்பதிலேயே தங்கியுள்ளது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள் என்பது நீண்டகால வழக்கு. இருபத்தெட்டு நாள் கொண்ட மாதமாகப் பிரித்தால் இது சரியாகப் பத்து மாதம். 'பத்து மாதம் சுமந்து' என்று நம் முன்னோர் சொன்னதை மிகைக் கூற்று எனச் சிரிப்பவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் திகதி மறந்திருக்கும். சிலருக்கு மாதவிடாய் ஒழுங்கற்று வரும். இன்று மிக நம்பகமான முறை, முதல் மூன்று மாதங்களுக்குள் ஸ்கான் செய்து சிசுவின் உச்சிமுதல் பிட்டம்வரையான நீளத்தை அளப்பது. அந்தக் காலகட்டத்தில் சிசுக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் நாட்கணக்கில் மட்டுமே பிழை வரும். பிந்திச் செய்யப்படும் ஸ்கானில் இந்த நம்பகம் குறைகிறது. சிறிய சிசுவா, இளைய சிசுவா என்று அப்போது பிரித்துச் சொல்வது கடினம்.

எந்தக் கணக்கும் இல்லாதபோது குழந்தையின் உடலையே படிக்கலாம். பாதத்தின் ரேகைகள், காதுமடலின் விறைப்பு, முலைக்காம்பின் அளவு, முதுகின் பூனைமயிர், கையை இழுத்துவிட்டால் அது திரும்பி மடியும் விதம் ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு வாரத்தை மதிப்பிடும் முறையை லில்லி டுபோவிற்ஸ் தம் கணவர் விக்ரர் உள்ளிட்டோருடன் 1970 இல் இங்கிலாந்தில் வகுத்தார். புடாபெஸ்ரில் பிறந்து யூத இன அழிப்பிலிருந்து தப்பியவர் அவர். அதன் சுருங்கிய வடிவங்கள் ஸ்கான் வசதியற்ற இடங்களில் இன்றும் உதவுகின்றன.

இவ்விடத்தில் நம்மிடையே நிலவும் ஒரு நம்பிக்கையைத் தொட்டுச் செல்ல வேண்டும். ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்பார்கள். பண்டைய கிரேக்கரிடமும் இதே நம்பிக்கை இருந்தது. இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும், நிறைமாதம்வரை, குழந்தைக்கு இலாபமே. இந்நம்பிக்கையால் எட்டாம் மாதத்தில் வலி கண்ட தாயொருத்தி தேவையின்றிப் பயப்படுவதும், ஏழாம் மாதத்தில் வலி கண்டவள் அசட்டையாக இருப்பதும் நேரலாம்.

வரைபிற்குள் இருப்பவர் யார்?

லுப்சென்கோவின் வரைபிற்குத் திரும்புவோம். டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1600 மீற்றர் உயரத்தில் இருப்பது. உயரமான இடங்களில் ஒட்சிசன் குறைவதால் குழந்தைகள் சற்றுச் சிறிதாகப் பிறக்கின்றன. அந்த வைத்தியசாலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வசதி குறைந்தவர்கள். கறுப்பினத்தவரின் குழந்தைகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. இப்படி ஒரு மலைநகரத்து வெள்ளையின ஏழைகளின் குழந்தைகள் நீண்ட காலம் உலகத்துக் குழந்தைகளின் அளவுகோலாக இருந்தார்கள். இதை லுப்சென்கோவின் குற்றமாகச் சொல்வதற்கில்லை. தம் ஆய்வு யாரைப் பற்றியது என்பதை அவர் மறைக்கவில்லை. பயன்படுத்தியவர்கள்தான் அதை மறந்தார்கள்.

பின்னர் ஒவ்வொரு நாடும் தனக்கென்று வரைபுகள் செய்துகொண்டது. அதனோடு இன்றுவரை தீராத விவாதமும் தொடங்கியது. ஒரு பக்கத்தார், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வரைபு போதும் என்கின்றனர். பிரேசில், இத்தாலி, ஓமான், பிரித்தானியா, அமெரிக்கா, சீனா, கென்யா, இந்தியா ஆகிய எட்டு நாடுகளில் நல்ல உணவும் உடல்நலமும் மருத்துவக் கவனிப்பும் உள்ள தாய்மாரை மட்டும் தெரிந்து செய்யப்பட்டு 2014 இல் வெளிவந்த சர்வதேச ஆய்வு இவர்களின் ஆதாரம். வாய்ப்புகள் சமமானால் கருப்பையில் வளர்ச்சியும் பெருமளவில் சமமாகவே இருக்கும், வேறுபாடு எனத் தெரிவது பெரும்பாலும் வறுமையின் தடம் என்பது இவர்களின் வாதம். இந்தியாவிலிருந்து அதில் இடம்பெற்ற நகரம் நாக்பூர்.

மறு பக்கத்தார், தாயின் உயரம், நிறை, எத்தனையாவது பிள்ளை, இனப்பின்னணி ஆகியவற்றைக் கணக்கிலெடுத்து ஒவ்வொரு தாய்க்கும் தனி வரைபு வேண்டும் என்கின்றனர். ஜேசன் கார்டோசி 1992 இல் முன்வைத்த இம்முறை பிரித்தானியாவில் பரவலாகியது. பிரான்ஸ், ஜேர்மனி, டென்மார்க், நோர்வே, இந்தியா உட்படப் பத்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வில், வசதியான தாய்மாரிடையேயும் நாட்டுக்கு நாடு வேறுபாடு காணப்பட்டது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2012 இல் வெளிவந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. கனடாவில் பிறந்த தாய்மாரின் வரைபில் வைத்துப் பார்க்கும்போது 'வாரத்திற்குச் சிறியது' என்ற அறைக்குள் விழும் தெற்காசியத் தாய்மாரின் குழந்தைகளில் பலர், தெற்காசியருக்கென வரைந்த வரைபில் அவ்வறைக்குள் வரவில்லை என்பதை அது காட்டியது. ஆரோக்கியமான பிள்ளையை நோயாளியாக்கி, அடிக்கடி குதியில் குத்தி இரத்தம் எடுத்து, தாயிடமிருந்து பிரித்து வைத்து, புட்டிப்பாலைத் திணிப்பதற்கு இத்தவறு வழிவகுக்கலாம்.

"உங்கள் ஆட்கள் சிறியவர்கள்தானே!"

இதைப் படித்ததும் நமக்கென்று தனி வரைபு கேட்பதே சரி என்று தோன்றும். ஆனால் அதன் மறுபக்கம் அவ்வளவு இலேசானதல்ல.

புனே நகரத்தில் யாஜ்னிக் என்ற மருத்துவரும் இங்கிலாந்தின் சவுதாம்ரன் நகர ஆய்வாளர்களும் நிறைமாதக் குழந்தைகளை ஒப்பிட்டு 2003 இல் வெளியிட்ட முடிவு இவ்வாறு: புனேயைச் சுற்றிய கிராமங்களின் குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, சவுதாம்ரனில் 3.5 கிலோ. தசையிலும் வயிற்றுறுப்புகளிலும் இந்தியக் குழந்தைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. தோலின் கீழுள்ள கொழுப்பில் மட்டும் அவ்வளவு குறைவில்லை. 'மெலிந்த கொழுத்த குழந்தை' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். ஒஸ்லோவின் குறூருட்டால் பகுதியில் 2008 இற்கும் 2010 இற்கும் இடையில் கர்ப்பிணிகளைச் சேர்த்து நடத்தப்பட்ட ஆய்விலும் தெற்காசியத் தாய்மாரின் குழந்தைகளிடம் இதே போக்குத் தெரிந்தது. அத்தாய்மாரில் பாகிஸ்தானியரோடு இலங்கையரும் இருந்தனர். நம் சமூகத்தில் நாற்பது வயதிலேயே நீரிழிவும் மாரடைப்பும் வருவதற்கு உரிய பல காரணங்களில் ஒன்று இதனுள் இருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அப்படியாயின் 'சிறிதாக இருப்பது நம் இயல்பு' என்பது சமாதானமாகுமா?

பிறப்பு நிறைக்கும் பிற்கால நோய்க்கும் உள்ள தொடர்பை டேவிட் பார்க்கர் 1989 இல் முன்வைத்தார். இங்கிலாந்தின் ஹேட்போட்செயர் மாவட்டத்தில் 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களைப் பற்றி மருத்துவிச்சிகளும் சுகாதார உத்தியோகத்தர்களும் எழுதிவைத்த பேரேடுகளை அவர் தேடியெடுத்தார். மிகக் குறைந்த நிறையில் பிறந்தவர்களிடம் இருதய நோய் மரணம் கூடுதலாக இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நாசிகளின் தடையால் நெதர்லாந்தில் ஏற்பட்ட பஞ்சம் இன்னொரு பாடம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாரின் குழந்தைகள் ஏறக்குறைய 300 கிறாம் குறைந்து பிறந்தன. தொடக்க மாதங்களில் மட்டும் பட்டினி கிடந்தவர்களின் குழந்தைகள் ஏறத்தாழச் சரியான நிறையில் பிறந்தும், பிற்காலத்தில் இருதய நோய்க்குக் கூடுதலாக ஆளாயின. பாதிப்பு எல்லாம் தராசில் தெரிவதில்லை என்பதற்கு இது சான்று.

1990 முதல் யாழ்ப்பாணம் பொருளாதாரத் தடைக்குள் இருந்தது. அக்காலத்தில் அங்கே பிறந்த பெண்பிள்ளைகளில் பலர் இன்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் தாய்மார். இலங்கையில் குறைந்த நிறையுள்ள பிறப்புகளின் விகிதம் மலையகத் தோட்டங்களில் மற்றப் பகுதிகளைவிடக் கூடுதலாகவே பதிவாகி வந்துள்ளது. கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கும் கர்ப்பிணியின் பிள்ளை சிறுத்துப் பிறப்பதை இனத்தின் இயல்பென்று எழுதிவைப்பது அரசியலும்கூட. இயல்பு என்று சொன்னபின் யாரும் கூலியைப் பற்றியோ உணவைப் பற்றியோ பேச வேண்டியதில்லை.

இன்னும் உடனடியான ஆபத்தும் உண்டு. பிரித்தானியாவில் ஆசியத் தாய்மாரிடையே இறந்து பிறக்கும் குழந்தைகளின் விகிதம் வெள்ளையினத் தாய்மாரைவிட உயர்ந்தது என்பது ஆண்டாண்டாக வெளிவரும் அறிக்கைகளில் பதிவாகியுள்ளது. அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் 2017 இல் வெளியான ஆய்வு, தெற்காசியாவில் பிறந்த தாய்மாருக்கு இந்த ஆபத்துக் கர்ப்பத்தின் இறுதி வாரங்களில் மற்றவர்களைவிட முந்தியே உயர்கிறது என்று காட்டியது. நம் கர்ப்பகாலமே சராசரியில் சற்றுக் குறுகியது என்பதையும் இலண்டனில் ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2004 இல் வெளியான ஆய்வு சொன்னது. அங்கே வெள்ளையினத் தாய்மாருக்கு நடுமதிப்பு நாற்பது வாரம். தெற்காசியருக்கும் கறுப்பினத்தவருக்கும் முப்பத்தொன்பது. சூல்வித்தகம் தளர்ந்து வளர்ச்சி நின்றுபோன சிசுவை 'உங்கள் ஆட்கள் சிறியவர்கள்தானே' என்று புன்னகையோடு அனுப்பிவிடும் மருத்துவிச்சி, கெட்ட எண்ணமின்றியே ஒரு உயிரைத் தவறவிடக்கூடும்.

ஆகவே பொது வரைபு நம் நலமான பிள்ளைகளை நோயாளியாக்குகிறது. தனி வரைபு நம் நோயுற்ற பிள்ளைகளை நலமானவர்கள் ஆக்கிவிடலாம். எது சரி? வரைபு எதுவாயினும் ஒரு தனிப் புள்ளி போதாது என்பதே நான் வந்தடையும் முடிவு. பத்துக்குக் கீழே இருந்தாலும் ஒவ்வொரு அளவிலும் தன் கோட்டிலேயே சீராக வளரும் சிசு பெரும்பாலும் நலமானது. எழுபதில் இருந்து இருபதுக்கு இறங்கிய சிசு வரைபில் 'ஏற்றது' என்ற அறையிலேயே இருக்கும். ஆனால் ஆபத்தில் இருப்பது அதுதான். தொப்புள்கொடி இரத்த ஓட்டத்தை ஸ்கானில் அளப்பதும், தாய் உணரும் அசைவைக் கேட்பதும் இதனாலேயே முக்கியமாகின்றன.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, நேரத்தோடு பதிவது. வதிவிட அனுமதி கிடைக்கட்டும் என்றும், அதிகாரிகளுக்குத் தகவல் போய்விடும் என்றும் பயந்து ஐந்தாம் ஆறாம் மாதத்தில் முதன்முறையாக வைத்தியசாலைக்குச் செல்லும் பெண்கள் அகதிகளிடையே உண்டு. இங்கிலாந்தில் வதிவிட உரிமையற்ற பெண்களிடம் மகப்பேற்றுச் செலவை அறவிடும் விதிகள் இப்பயத்தைக் கூட்டுகின்றன. முதல் ஸ்கான் தவறினால் வாரக் கணக்கு தவறும். வாரக் கணக்கு தவறினால் ஒன்பது அறைகளில் எதுவும் நம்பத்தக்கதல்ல. இதை நம் பெண்களுக்குச் சொல்வதும், இவ்விதிகளை எதிர்ப்பதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள்.

இரண்டாவது, கேள்வி கேட்பது. எத்தனை வாரம், எந்த வரைபில் பார்க்கிறீர்கள், கடந்த முறையிலிருந்து வளர்ச்சி எப்படி? இம்மூன்றையும் எந்த மொழியிலும் கேட்க உரிமையுண்டு. மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கோர வேண்டும். கணவனோ பத்து வயது மகளோ அந்த இடத்தை நிரப்பக் கூடாது. குழந்தையின் அசைவு குறைந்துவிட்டது என்பதைக் கூச்சத்தால் சொல்லாமல் விடுவதற்கு அது வழியாகும்.

மூன்றாவது, பெரிய பிள்ளையே நல்ல பிள்ளை என்ற எண்ணத்தைக் கைவிடுவது. கர்ப்பகால நீரிழிவு தெற்காசியப் பெண்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. அதில் தாயின் சீனி சிசுவுக்குச் சென்று, சிசு தானே இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து பருக்கிறது. பிறக்கும்போது தோள் சிக்கலாம். பிறந்தபின் தாயின் சீனி நின்றுவிட, இன்சுலின் மட்டும் மிஞ்சி இரத்தச் சீனி விழுந்துவிடலாம். 'இரண்டு பேருக்குச் சாப்பிடு' என்று சோற்றைக் குவிக்கும் அன்பும், பிள்ளை பருத்தால் பிரசவம் கடினமாகும் என்று உணவைக் குறைக்கும் பயமும் இரண்டுமே தவறானவை.

நான்காவது, சிறிதாய்ப் பிறந்த பிள்ளையை நெஞ்சோடு அணைப்பது. 1978 இல் கொலம்பியாவின் பொகொற்றா நகரத்தில், சூட்டுப் பெட்டிகள் போதாத நிலையில், தாயின் வெற்று மார்பில் குறைமாதக் குழந்தையைக் கட்டிவைக்கும் முறை தொடங்கியது. ஏழைகளுக்கான மாற்று என்று கருதப்பட்ட அதை, இந்தியாவிலும் ஆபிரிக்க நாடுகள் நான்கிலும் நடந்து 2021 இல் வெளியான ஆய்வின்பின், பிறந்தவுடனேயே தொடங்கவேண்டிய சிகிச்சையாக உலக சுகாதார நிறுவனம் 2022 இல் பரிந்துரைத்தது. 1000 கிறாமிற்கும் 1799 கிறாமிற்கும் இடைப்பட்ட குழந்தைகளின் மரணம் அவ்வாய்வில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தகப்பனின் மார்பும் இதற்கு உதவும். நம் ஆண்கள் இதற்கு முன்வர வேண்டும்.

இறுதியாக, சிறிய பிள்ளை பெற்ற தாயைக் குற்றவாளியாக்கும் விசாரணையை நாம் நிறுத்த வேண்டும். சூல்வித்தகத்தின் குறை, தாயின் உயர் இரத்த அழுத்தம், தொற்று, முந்திய தலைமுறையின் பசி, வேலைத்தலத்தின் பாரம், புகை எனக் காரணங்கள் பல. பெரும்பாலானவை அவள் கையில் இல்லை. புள்ளிவிபரம் குழந்தைகளை அறைகளில் வைப்பது, யாருக்கு எந்தக் கவனிப்பு முந்த வேண்டும் என்று அறிவதற்காக. அந்த அறைகள் யாரைக் கொண்டு கட்டப்பட்டன என்று கேட்பதும், கிடைக்கும் பதிலால் நம் பெண்களின் உடல்நலம் மேலும் பின்தள்ளப்படாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. நமக்கெனத் தனி வரைபு வேண்டுமா, வேண்டாமா என்பதில் நண்பர்கள் பலருக்கும் மாறான கருத்து இருக்கும் என்பதை அறிவேன். குறிப்பாக, இந்நாடுகளில் பிள்ளை பெற்ற பெண்களும், மகப்பேற்றுப் பிரிவுகளில் வேலை செய்யும் நம்மவர்களும் தம் அனுபவங்களோடு இவ்விவாதத்தைத் தொடர வேண்டும்.